குவாண்டம் பிணைப்பை வைத்துத் தூரத்துக்குச் செய்தி அனுப்ப முடியுமா? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் வார இறுதிகளில் நாங்கள் சிலர் தமிழில் இயற்பியல் பேசக் கூடுகிறோம். கருந்துளையில் ஆரம்பித்தாலும் கைபேசியில் ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் குவாண்டம் பிணைப்புக்கு வந்துவிடும். "இரண்டு துகள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒன்றைத் தொட்டால் மற்றது உடனே மாறுமாமே, அப்புறம் ஏன் டவர், கேபிள் எல்லாம்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், ஆனால் பள்ளிக் கணக்கைத் தாண்டாது.

முதலில் நேராகச் சொல்லுங்கள். முடியுமா, முடியாதா?

பிணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு எழுத்தைக்கூட அனுப்ப முடியாது. ஒளியை மிஞ்சிய வேகத்தில் மட்டுமல்ல, ஆமை வேகத்திலும் முடியாது. ஆனால் கூடவே ஒரு சாதாரணத் தொலைபேசியோ இணையமோ இருந்துவிட்டால் கதை வேறு. இடையில் எவராவது ஒட்டுக்கேட்டால் காட்டிக்கொடுத்துவிடும்படி, இரண்டு ஊர்களுக்கும் பொதுவான ஒரு ரகசியத்தை உண்டாக்கப் பிணைப்பு உதவும். தொலைத்தொடர்பில் அதன் இடம் அதுதான்.

பிணைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆய்வகங்களில் அதிகம் பயன்படுவது ஒளித்துகள் ஜோடி. சில வகைப் படிகங்களுக்குள் லேசர் ஒளியைச் செலுத்தினால் அபூர்வமாக ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், இரண்டாகப் பிரியும். சரியாக அமைத்தால் அந்த இரண்டும் பிணைந்து வெளியே வரும்.

ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு போலராய்டு வடிகட்டியை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) ஏதாவது ஒரு கோணத்தில் வைக்கிறோம். ஃபோட்டான் அதைக் கடந்தால் 1, தடுக்கப்பட்டால் 0 என்று குறிக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால், எந்தக் கோணத்திலும் பாதி 1, பாதி 0, நாணயம் சுண்டியதுபோல. இரண்டு பக்கமும் ஒரே கோணம் வைத்தால் மட்டும் இரண்டு விடைகளும் எப்போதும் ஒத்துப்போகும். ஒன்று பெங்களூரிலும் மற்றது சென்னையிலும் இருந்தாலும் அப்படித்தான்.

ஜோடிச் செருப்பில் ஒன்றைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, இங்கே பெட்டியைத் திறந்து இடதுகால் என்று கண்டால் அங்கே இருப்பது வலதுகால் என்று தெரிந்துவிடும். இதில் என்ன அதிசயம்?

எங்களிடம் வந்த கேள்விகளிலேயே இதுதான் ஆழமானது. ஐன்ஸ்டைனும் கிட்டத்தட்ட இதையே நினைத்தார். 1935-இல் அவரும் போடோல்ஸ்கியும் ரோசனும் எழுதிய கட்டுரையின் சாரம், துகள்கள் விடையை முன்பே தங்களுக்குள் வைத்திருக்க வேண்டும், குவாண்டம் கோட்பாடு அதைச் சொல்லாமல் விடுவதால் அது முழுமையற்றது என்பதுதான்.

செருப்பு வாதம் சரியா என்று சோதிக்க வழி இருக்கிறது. 1964-இல் ஜான் பெல் அதைக் கண்டுபிடித்தார். அதை எளிமையாக்கிச் சொல்கிறேன், ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒவ்வொரு ஃபோட்டானும் 0°, 30°, 60° ஆகிய மூன்று கோணங்களுக்கும் விடையை எழுதியே எடுத்துக்கொண்டு புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கோணத்தில் விடைகள் ஒத்துப்போவதால் இரண்டும் ஒரே சீட்டைத்தான் வைத்திருக்க வேண்டும். இங்கே 0°, அங்கே 30° வைத்து அளந்தால் 100 ஜோடிகளில் 25 ஒத்துப்போவதில்லை. இது சோதனையில் கிடைக்கும் எண். அப்படியானால் சீட்டில் 0°-க்கும் 30°-க்கும் விடை மாறியிருப்பது 25 ஜோடிகளில். 30°-க்கும் 60°-க்கும் இடையேயும் அதே 25. ஆகவே 0°-க்கும் 60°-க்கும் விடை மாறியிருப்பது அதிகபட்சம் 50 ஜோடிகளில்தான் இருக்க முடியும். வேறு வழியே இல்லை, வெறும் கூட்டல் கணக்கு.

இயற்கை தரும் விடை 75.

அதாவது சீட்டு இல்லை. செருப்பு பெட்டிக்குள் போகும்போதே இடதா வலதா என்று முடிவாகியிருந்தது, ஃபோட்டானுக்கு அப்படி முடிவாகியிருக்கவில்லை. 1972-இல் கிளவுசரும் ஃப்ரீட்மனும் இதைச் சோதனையில் காட்டினார்கள். 1982-இல் ஆலன் ஆஸ்பெ குழுவினர், ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும்போதே கோணத்தை மாற்றிச் சோதித்தார்கள். மிச்சமிருந்த முக்கியமான ஓட்டைகளை 2015-இல் டெல்ஃப்ட், வியன்னா, அமெரிக்கா என்று மூன்று இடங்களில் செய்த சோதனைகள் அடைத்தன. 2022-இன் இயற்பியல் நோபல் ஆஸ்பெ, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் கிடைத்தது இதற்காகத்தான்.

அப்படியானால் ஏதோ ஒன்று ஒளியை விட வேகமாகப் போகத்தானே செய்கிறது?

என்ன நடக்கிறது என்பதில் இயற்பியலாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2008-இல் ஜெனீவாவுக்கு அருகே 18 கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு சோதனை நடந்தது. அப்படி ஏதாவது தாக்கம் போவதாக வைத்துக்கொண்டால் அதன் வேகம் ஒளியைப்போல் குறைந்தது 10,000 மடங்காவது இருக்க வேண்டும் என்று காட்டியது. போகவே இல்லை, இரண்டு துகள்களையும் தனித்தனிப் பொருளாக நினைப்பதுதான் கோளாறு என்பவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம் சாய்பவன். எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று: அதை வைத்துச் செய்தி அனுப்ப முடியாது.

ஏன் முடியாது? அதைத்தானே கேட்கிறோம்!

இங்கே எட்டு ஜோடிகளை அளக்கிறோம். வந்த விடை 1 0 0 1 1 0 1 0. சென்னையிலும் அதே கோணம் என்றால் அங்கேயும் 1 0 0 1 1 0 1 0. நாம் கோணத்தை 45° திருப்பியிருந்தால் அங்கே வேறு ஏதோ, உதாரணத்துக்கு 0 0 1 1 0 1 1 0. சென்னையில் இருப்பவர் கையில் இருப்பது அவருடைய வரிசை மட்டும். இரண்டில் எதைப் பார்த்தாலும் அவருக்குச் சுண்டிவிட்ட நாணயம்தான். நாம் கோணத்தை மாற்றினோமா, எட்டு இலட்சம் முறை மாற்றினோமா என்பதற்கு அவர் வரிசையில் ஒரு தடயமும் இருக்காது.

ஒற்றுமை எங்கே இருக்கிறது? இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் இருக்கிறது. ஒப்பிட வேண்டுமானால் ஒரு வரிசையைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ அனுப்பியாக வேண்டும். அது ஒளியின் வேகத்துக்குள்தான் போகும்.

செய்தி என்றால் அனுப்புபவர் தேர்ந்தெடுத்தது பெறுபவரிடம் தெரிய வேண்டும். இங்கே நம்மால் கோணத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது, விடையைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. சென்னைக்குத் தெரிவது விடை, கோணமல்ல.

விடையை நானே 1 ஆக்கிவிட்டால்?

ஃபோட்டானை வலுக்கட்டாயமாக ஒரு நிலையில் வைக்கலாம். அந்தச் செயலிலேயே பிணைப்பு அறுந்துவிடும். சென்னையில் எந்த மாற்றமும் இராது.

சரி, விடை வேண்டாம். அளந்தால் "ஆம்", அளக்காமல் விட்டால் "இல்லை" என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாமே?

மென்பொருள் நண்பர்கள் எப்படியும் இங்கே வந்து நிற்பார்கள். நல்ல யோசனை. ஆனால் தன் ஃபோட்டானின் ஜோடி அளக்கப்பட்டுவிட்டதா என்று சென்னைக்காரர் எப்படித் தெரிந்துகொள்வார்? அதைக் காட்டும் மீட்டர் கிடையாது. அளந்திருந்தாலும் பாதிக்குப் பாதி, அளக்காவிட்டாலும் பாதிக்குப் பாதி.

இதற்கு ஒரு மாற்றுவழி தோன்றலாம். வந்த ஃபோட்டானை ஆயிரம் நகல் எடுத்து வெவ்வேறு கோணங்களில் அளந்தால் இங்கே எந்தக் கோணத்தில் அளந்தோம் என்று கண்டுபிடித்துவிடலாமே! நிக் ஹெர்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதையே யோசித்தார். லேசர் பெருக்கியால் நகலெடுத்து ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்ற அவர் கட்டுரை 1982-இல் ஓர் ஆய்விதழில் வெளியானது. அதை முன்கூட்டிப் படித்து மதிப்பிட்டவர்களில் ஒருவர் ஆஷர் பெரஸ். கட்டுரை தவறு என்று தெரிந்தும் வெளியிடலாம் என்றே பரிந்துரைத்ததாகவும், தவறு எங்கே என்று தேடுபவர்கள் புதிதாக ஏதாவது கண்டுபிடிப்பார்கள் என்று நம்பியதாகவும் அவரே பின்னர் எழுதினார். அவர் நம்பிக்கை வீண்போகவில்லை. அதே ஆண்டு வூட்டர்ஸும் ஜூரெக்கும் சேர்ந்தும், டீக்ஸ் தனியாகவும், அறியாத குவாண்டம் நிலையை (அளந்தால் எந்த விடை எவ்வளவு வாய்ப்போடு வரும் என்பதைத் தீர்மானிக்கும் துகளின் நிலை) துல்லியமாக நகலெடுக்கவே முடியாது என்று நிறுவினார்கள். லேசர் பெருக்கி நகலோடு சேர்த்துக் கொஞ்சம் குப்பை ஒளியையும் தானாகவே உமிழும். தடயத்தை அழிக்கத் தேவையான அளவு குப்பை சரியாக அதில் இருக்கும்.

தவறான ஒரு கட்டுரையைத் தொட்டு இந்தத் துறையின் அடித்தளத் தேற்றம் பிறந்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. கீழே வரும் ரகசியச் சாவிக்கும் இதே தேற்றம்தான் காவல்.

டெலிபோர்ட்டேஷன் செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததே?

செய்தது உண்மை. 1993-இல் பென்னெட்டும் இன்னும் ஐந்து பேரும் வழி சொன்னார்கள், 1997-இல் சைலிங்கர் குழு ஃபோட்டானில் செய்து காட்டியது. ஆனால் அங்கே போவது பொருள் அல்ல, ஒரு துகளின் குவாண்டம் நிலை. ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கம் அளந்த இரண்டு பிட் விடையை (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) சாதாரண வழியில் அந்தப் பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பிட் வந்து சேரும்வரை அங்கே இருப்பது பயனற்ற ஒன்று. செய்தித் தலைப்புகள் அந்த இரண்டு பிட்டை விட்டுவிடுவதால்தான் இவ்வளவு குழப்பமும்.

பேசாமலே ஒத்துப்போகவாவது உதவுமா?

உதவும். தனித்தனி அறையில் இரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி, இருவர் பதிலும் குறிப்பிட்ட விதத்தில் பொருந்தினால் வெற்றி என்று ஒரு விளையாட்டு உண்டு. பேசிக்கொள்ளாமல் எவ்வளவு திட்டமிட்டாலும் வெற்றி 75 விழுக்காட்டைத் தாண்டாது. பிணைந்த ஜோடிகள் கையில் இருந்தால் சுமார் 85 வரை போகும். ஒருவரின் கேள்வி மற்றவருக்குத் தெரியாமலேயே இது நடக்கிறது.

செவ்வாயில் இருக்கும் விண்கலத்தோடு உடனுக்குடன் பேச முடியாதா?

முடியாது. பெங்களூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 2014 செப்டம்பர் 24 காலையில் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது அங்கிருந்து வந்த வானொலிச் சமிக்ஞைக்கு 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. பீன்யாவில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பார்த்தது எல்லாமே அவ்வளவு நேரம் பழைய செய்தி. எஞ்சினை எரிப்பதற்கான கட்டளைகளை முன்பே ஏற்றி வைத்திருந்தார்கள், இடையில் திருத்த வழியில்லை. பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து இந்தத் தாமதம் சுமார் 3 முதல் 22 நிமிடம்வரை மாறும். பியாலாலுவில் தொலைதூர விண்கலங்களோடு பேச இஸ்ரோ வைத்திருக்கும் 32 மீட்டர் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் பிணைந்த துகள்களை ஒரு பெட்டி நிறைய வைத்தாலும் அதில் ஒரு நொடிகூடக் குறையாது.

அப்புறம் இதற்கு ஏன் இத்தனை கோடி செலவழிக்கிறார்கள்?

சாவிக்காக. ஒரு செய்தியைப் பூட்டி அனுப்ப இரண்டு பக்கமும் ஒரே ரகசிய எண்வரிசை வேண்டும். வழியில் எவர் கண்ணிலும் படாமல் அதை எப்படி இரண்டு ஊருக்கும் கொண்டுபோவது என்பதுதான் காலங்காலமாக இருந்த சிக்கல்.

மேலே பார்த்ததைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் அளந்தால் ஒரே வரிசை வருகிறது, அது யாரும் தேர்ந்தெடுக்காத, முன்கூட்டியே எங்கும் எழுதப்படாத வரிசை. செய்தி அனுப்ப முட்டுக்கட்டையாக இருந்த அதே குணம், சாவி செய்ய வரமாகிவிடுகிறது. பல கோணங்களில் அளந்துவிட்டு, எந்தெந்தக் கோணம் வைத்தோம் என்பதை மட்டும் தொலைபேசியில் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வார்கள். கோணம் ஒத்த இடங்களின் விடை சாவி ஆகும். மிச்சத்தை வைத்துப் பெல்லின் சோதனையைச் செய்வார்கள். நடுவில் யாராவது ஃபோட்டானைப் பிடித்து அளந்திருந்தால் 75 வர வேண்டிய இடத்தில் எண் குறையும். ஆர்டர் எகெர்ட் 1991-இல் சொன்ன முறை இது.

அதற்கும் முன்னோடி உண்டு. பிணைப்பு இல்லாமல், ஒற்றை ஃபோட்டான்களை அனுப்பியே சாவி செய்யும் முறையைச் சார்லஸ் பென்னெட்டும் ஜீல் பிரஸ்ஸாரும் கண்டுபிடித்தார்கள். உலகமே இன்று பிபி84 என்று சொல்வது அதைத்தான். அந்தக் கட்டுரை அரங்கேறியது 1984 டிசம்பரில், இதே பெங்களூரில் நடந்த கணினி, சமிக்ஞைச் செயலாக்க மாநாட்டில்! குவாண்டம் பாதுகாப்பைப் பற்றி உலகில் எங்கே கட்டுரை எழுதினாலும் மேற்கோளில் பெங்களூர் பெயர் இருக்கும். இந்த ஊரில் இருபது வருடம் ஐடி வேலை பார்த்தவர்களுக்குக்கூட இது தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அதை உடைக்கவே முடியாதா?

கோட்பாட்டை உடைக்க முடியாது, கருவியை உடைக்கலாம். உணரிகளை வலுவான ஒளியால் ஏமாற்றி, விற்பனையில் இருந்த கருவிகளையே ஆய்வாளர்கள் முறியடித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த முனையில் இருப்பவர் உண்மையிலேயே நம் ஆள்தானா என்பதைப் பழைய முறையில்தான் உறுதிப்படுத்த வேண்டும். ஃபைபரை ஒருவர் வெட்டிவிட்டால் சாவியே கிடைக்காது. "நூறு சதவீதம் பாதுகாப்பு" என்று யாராவது விற்க வந்தால் இந்த மூன்றையும் கேளுங்கள்.

பெங்களூரிலிருந்து சென்னைவரை ஃபைபரில் செய்யலாமா?

நேரடியாகக் கடினம். நல்ல ஃபைபரில் ஒவ்வொரு 50 கிலோமீட்டருக்கும் பத்தில் ஒரு ஃபோட்டான்தான் மிஞ்சும். 100 கிலோமீட்டரில் நூறில் ஒன்று. சென்னை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் என்றால் கோடியில் ஒன்று. சாதாரண இணையத்தில் வழியில் பெருக்கி வைத்துச் சமாளிக்கிறோம். இங்கே பெருக்குவது என்றால் நகலெடுப்பது, அதற்குத்தான் 1982-இலேயே தடை விழுந்துவிட்டதே. குவாண்டம் ரிப்பீட்டர் என்று ஒன்றை உருவாக்கப் பார்க்கிறார்கள். குறுகிய துண்டுகளில் பிணைப்பை உண்டாக்கி, நினைவகத்தில் பிடித்து வைத்து, துண்டுகளை ஒட்டிக்கொண்டே போகும் கருவி அது. இன்னும் நடைமுறைப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதுவரை வழியில் நம்பகமான நிலையங்களை வைத்து, நிலையத்துக்கு நிலையம் சாவியைக் கைமாற்றுகிறார்கள். அந்த நிலையத்தில் இருப்பவரை நம்பியாக வேண்டும், அதுதான் குறை.

வானத்தில் இழப்பு குறைவு, காற்று அடர்த்தியாக இருப்பது கீழே சில கிலோமீட்டர்தான். சீனா 2016-இல் ஏவிய மிசியஸ் செயற்கைக்கோள் 2017-இல் 1,203 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு நிலையங்களுக்குப் பிணைந்த ஜோடிகளை அனுப்பியது. நொடிக்கு 59 இலட்சம் ஜோடிகளை உண்டாக்கி, தரையில் கிடைத்தது நொடிக்குச் சுமார் ஒன்று. 2020-இல் அதே செயற்கைக்கோளை வைத்து 1,120 கிலோமீட்டருக்குப் பிணைப்புவழிச் சாவி செய்தபோது வேகம் நொடிக்கு 0.12 பிட். எண் சின்னதுதான், ஆனால் இடையில் யாரையும், செயற்கைக்கோளையும்கூட, நம்ப வேண்டியிராத சாவி அது.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

சதாசிவநகரில் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிறுவனம், நம் திருச்சிக்காரர் சி. வி. ராமன் 1948-இல் தொடங்கியது, இதில் முன்னணியில் இருக்கிறது. இஸ்ரோவோடு சேர்ந்து உர்பசி சின்ஹா தலைமையில் ஒரு குழு 2021-இல் தன் வளாகத்தின் இரண்டு கட்டடங்களுக்கிடையே காற்றுவழியாகக் குவாண்டம் சாவி பரிமாறியது. 2025 ஜூனில் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் பிணைப்பைப் பயன்படுத்தி ஒரு கிலோமீட்டருக்கு மேல் திறந்தவெளியில், நொடிக்கு ஏறத்தாழ 240 பிட் வேகத்தில் சாவி செய்தார்கள். அந்த வேகத்தில் வழக்கமான 256 பிட் சாவி ஒரு நொடிக்குச் சற்று மேல் கிடைத்துவிடும். ஆனால் ஒரு எம்பி படத்தை ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சாவி பிட் வைத்துப் பூட்ட நினைத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ரூ. 6,003.65 கோடி. செயற்கைக்கோள் வழியாக 2,000 கிலோமீட்டருக்குப் பாதுகாப்பான தொடர்பு என்பது அதன் இலக்குகளில் ஒன்று. குவாண்டம் தொடர்புக்கான மையம் ஐஐடி மெட்ராஸிலும், குவாண்டம் கணினிக்கானது இங்கே ஐஐஎஸ்சியிலும் அமைந்திருக்கின்றன.

என் வங்கிக் கணக்குக்கு இது வந்தால்தான் பாதுகாப்பா?

இல்லை. பெரிய குவாண்டம் கணினி வந்தால் இன்றைய பூட்டுகளில் சில உடையும் என்பது 1994-இல் பீட்டர் ஷோர் காட்டியதிலிருந்து தெரிந்ததுதான். அதற்கு ஈடாகப் புதிய கணிதப் பூட்டுகளை அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தரநிலையாக வெளியிட்டது. அவை சாதாரண மென்பொருள், உங்கள் கைபேசியிலேயே ஓடும். பொதுமக்களுக்கு முதலில் வந்து சேர வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. பிணைப்பு வழி, பல பத்தாண்டு காக்க வேண்டிய ரகசியங்களுக்கு.

இரட்டைக் குழந்தைகளுக்கு மனசு ஒத்துப்போவது, தூரத்தில் இருக்கும் அம்மாவுக்குத் திடீரென்று தெரிவது, இதெல்லாம் பிணைப்புதானா?

இல்லை. சூடான, ஈரமான உடலில் பிணைப்பு கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு சீக்கிரம் கலைந்துவிடும். கலையாமல் இருந்தாலும் மேலே சொன்ன தடை அங்கேயும் உண்டு. அந்தப் பெயரில் பதக்கம், தண்ணீர், அட்டை என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

நாளைக்குப் புதிய கோட்பாடு வந்து இந்தத் தடையை நீக்கிவிடலாமே?

வரலாம், ஆனால் சின்னத் திருத்தம் போதாது. குவாண்டம் சமன்பாடுகளைக் கொஞ்சம் வளைத்து ஒரு வடிவத்தை ஸ்டீவன் வைன்பர்க் 1989-இல் முன்வைத்தார். அப்படி வளைத்தால் பிணைப்பு வழியாக ஒளியை மிஞ்சிச் செய்தி அனுப்ப முடிந்துவிடும் என்று நிக்கொலா ஜிசான் உடனே காட்டினார். கோட்பாடு அவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது, ஒரு செங்கலை உருவினால், ஒளியை மிஞ்சிச் செய்தி போகாது என்னும் சார்பியலும் சேர்ந்து சரியும்.

பத்தாவது படிக்கும் மகளுக்கு வீட்டில் எதைக் காட்டலாம்?

பிணைப்பை வீட்டில் காட்ட முடியாது, அதன் வாசலைக் காட்டலாம். எஸ்.பி. ரோட்டிலோ இணையத்திலோ மூன்று போலராய்டு தாள்கள் வாங்குங்கள். இரண்டை ஒன்றுக்கொன்று 90° திருப்பி வைத்தால் இருட்டு. மூன்றாவதை அந்த இரண்டுக்கும் நடுவில் 45° சாய்த்துச் செருகினால் ஒளி திரும்ப வரும். தடுக்கும் தாளைக் கூட்டியதும் வெளிச்சம் எப்படிக் கூடியது என்று அவளே யோசிக்கட்டும். பிறகு கோசைன் வர்க்க விதியை (ஒரு தாளைக் கடந்த ஒளியில் அடுத்த தாளைக் கடக்கும் பங்கு, இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கோசைனின் வர்க்கம்) சொல்லி, முதல் தாளைக் கடந்த ஒளியில் எவ்வளவு மூன்றையும் தாண்டும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். விடை கால் பங்கு. செருப்புக் கேள்வியில் வந்த 25-உம் 75-உம் அதே விதியிலிருந்து வருபவைதான், 30°-க்கும் 60°-க்கும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: விதி தருவது ஒத்துப்போகும் பங்கு, ஒத்துப்போகாதது மிச்சம்.